கழற்றி மாட்டும் கம்பி

எங்கள் வீட்டு மாடி ஜன்னல்களுக்கு இரண்டு தடவை கம்பி போட்டார்கள். முதல் தடவை, வேண்டும்போது கழற்றி வேண்டும்போது மாட்டுகிற மாதிரி. இரண்டாம் தடவை, யாராலும் கழற்ற முடியாதபடி. இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் வருஷம். அந்த ஒன்றேகால் வருஷத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வயதுக்கு மேல் அதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் மகள் கேட்கிறாள். ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளும் இதில் கடைசியில் வருகிறாள், அது அவளுக்குத் தெரியாது.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புக்கு மேலே நீளமாக ஒரு ஹால். தெருவைப் பார்த்து ஐந்து ஜன்னல்கள். ஜன்னல் என்று பெயர்தானே தவிர அவை கதவுகள்தான். தரையில் தொடங்கி உத்தரத்தில் போய் முடியும். வீட்டைக் கட்டிய பாட்டனார் பினாங்கில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். திறந்தால் வெளியே சுண்ணாம்பில் பூ வேலை செய்த ஒரு சாண் விளிம்பு. அதைத் தாண்டினால் தெரு. கீழ்வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கட்டைவிரல் தடிமனில் கம்பி உண்டு. திருடன் உள்ளே வந்துவிடக் கூடாதே! மேலே ஒன்றும் கிடையாது. உள்ளே வருகிறவனைப் பற்றி யோசித்தார்களே ஒழிய வெளியே விழுகிறவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாடியும் அப்படித்தான் இருந்தது.

அந்த மாடியில்தான் என் அக்கா இருந்தாள். எங்கள் வழக்கப்படி நான் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எங்கள் ஊரில் கொஞ்சம் மரியாதைப்பட்ட பெண்கள் எல்லாருமே ஆச்சிதான் என்பதால், படிப்பவர்கள் குழம்ப வேண்டாம் என்று இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பச்சிக்குக் காரைக்குடியில் ஜவுளிக் கடை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பதினாலு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. மதுரையில் காட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது, நிற்கவில்லை. மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் மூன்று வரும். கீழே இருந்தால் வருகிற போகிற ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று அவளை மாடிக்கு மாற்றினார்கள். கேட்கிறவர்களுக்கு ஆத்தா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். மூத்தவளுக்குச் செவ்வாய் தோஷம், பொருந்துகிற சாதகம் இன்னும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது ஆத்தாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாளோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆத்தா வாசற்கதவுச் சாவியைக் கொடுப்பாள். ஒரு சாண் நீளம், அரைக் கிலோவாவது இருக்கும். தெளிந்து எழுந்த பிறகு அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வாள்: "ஏண்டி, பீரோ சாவி பத்தாதா? இதைப் பிடிச்சே என் கை ஒடிஞ்சு போகும் போல இருக்கு." அவளைப் பார்த்துப் பரிதாபப்பட யாரையும் விடமாட்டாள். பரிதாபப்பட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள்.

மாடியில் இருந்தாளே தவிர திறந்த ஜன்னல் பக்கம் போக அவளுக்கு அனுமதி இல்லை. ஐந்து ஜன்னலும் பகல் முழுக்கச் சாத்தியே கிடக்கும். ஹாலில் எந்நேரமும் அந்திப்பொழுது மாதிரி ஒரு வெளிச்சம். கதவுப் பலகைகளின் இடுக்கில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணி பஸ் பிந்திவிட்டது, எதிர்வீட்டுக்காரருக்கும் அவர் மருமகனுக்கும் பேச்சு நின்றுபோனது, எல்லாம் அந்த இடுக்கு வழியாகவே அவளுக்குத் தெரியும். கீழே தெருவில் நடமாடிய எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது அது நடந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒருத்தி கூட்டுவதற்காக நடு ஜன்னலைத் திறந்திருக்கிறாள். வெளிச்சத்தைப் பார்த்ததும் அக்கா கிட்டே போயிருக்கிறாள். போன இடத்தில் வலிப்பு. அந்த அம்மாள் விளக்குமாற்றை எறிந்துவிட்டுப் பாய்ந்து தாவணியையும் சடையையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். நான் மேலே ஓடியபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அக்காவுக்கு நினைவில்லை. வேலைக்கார அம்மாள் பிடித்த சடையை விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பச்சி, "அஞ்சு ஜன்னலுக்கும் கம்பி போட்டுடுவோம்" என்றார்.

ஆத்தா உடனே வேண்டாம் என்றாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி பத்துத் தடவை எழுந்து போய் அக்காவின் மூச்சைப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள். ஆனால் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது.

"தெருவுல எந்த வீட்டுக்கும் இல்லாத கம்பி நம்ம வீட்டுக்கு மட்டும் எதுக்குன்னு கேக்க மாட்டாகளா? சம்பந்தம் பேச வர்றவுக வாசல்ல நின்னு அண்ணாந்து பாக்காம உள்ள வருவாகளா? நீங்களே சொல்லுங்க."

"குரங்குத் தொல்லைன்னு சொல்லிக்குவோம்" என்றார் அப்பச்சி.

"இந்த ஊர்ல எந்தக் குரங்கைக் கண்டீக?"

அப்பச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். ஆத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரியவளுக்குத்தான் இல்லைன்னு ஆயிப்போச்சு. சின்னவளுக்காவது நல்லபடியா அமைய வேணாமா?" என்றாள். நான் முற்றத்தையொட்டிய பட்டாலைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனசுக்குள் நான் ஆத்தா பக்கம்தான் இருந்தேன்.

நாலு நாள் கழித்துக் காரைக்குடியிலிருந்து இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். குள்ளமான மனிதர், காதில் பென்சில் செருகியிருப்பார். ஜன்னல்களை நூல் பிடித்து அளந்துவிட்டு, "கீழே கல்லுல குழி வெட்டி ஈயத்தைக் காய்ச்சி ஊத்திடுறேன். ரெண்டு பக்கமும் நிலையில மரையாணி போட்டு முடுக்கிடுறேன். அசையாது" என்றார்.

ஆத்தா கேட்டாள்: "கழட்டி மாட்டுற மாதிரி செய்ய முடியாதா?"

"வெள்ளையடிக்கவா ஆச்சி?"

"எதுக்கோ. முடியுமா, முடியாதா?"

"முடியும். கதவுக்கு வெளிப்பக்கமா, நிலையில ரெண்டு பக்கமும் கொக்கி அடிச்சா, கம்பியைத் தூக்கி மாட்டிக்கிறலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. கழட்டலாம்னு இருந்தா எப்பவாச்சும் கழட்டத்தான் செய்வீக. கழட்டுனதை மாட்ட மறந்தும் போவீக."

"நாங்க மறக்க மாட்டோம்" என்றாள் ஆத்தா. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அளவுகளை எழுதிக்கொண்டார்.

கம்பி வந்தது. இடுப்பு உயரம், கறுப்புச் சாயம், ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்குகிற கனம். ஐந்தையும் மாட்டி முடித்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பச்சியே முன்னால் வந்து நடு ஜன்னலை இரண்டு கதவும் விரியத் திறந்தார். அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கம்பி முன்னால் நிறுத்தினார்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் தெருவை முழுசாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இனிமே சாவி தேட வேணாம்டி. இரும்பு இங்கேயே இருக்கு" என்றாள். அப்பச்சி துண்டால் முகத்தைத் துடைப்பது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரித்தேன்.

அன்றிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். விடிந்ததும் முதல் வேலை நடு ஜன்னலைத் திறந்து கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நிற்பது. பால்காரர் போவதைப் பார்ப்பாள், வாசல் தெளிக்கிறவர்களைப் பார்ப்பாள், குளத்திலிருந்து குடத்தோடு வருகிறவர்களைப் பார்ப்பாள். அங்கேயே நின்று காப்பி குடிப்பாள். முதுகைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பாள். இரண்டு தடவை அங்கேயே வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் கம்பியோரம் சரிந்து தரையில் கிடந்தாளே தவிர ஒரு கீறல் இல்லை. யாரும் கூட இல்லாமல் அவள் தனியாக நிற்க இந்த உலகத்தில் அவளுக்கென்று ஓர் இடம் கிடைத்திருந்தது. அது ஜன்னலோரம் மூன்றடி இடம்.

தெருக்காரர்களுக்குக் குரங்குக் கதையைச் சொன்னோம். அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் ஆத்தாவின் கவலை. வரன் வீட்டார் வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னால், முதலில் பலகாரத்துக்கு அரிசி ஊறும், அடுத்து கம்பி இறங்கும். ஆத்தா, நான், வேலைக்கார அம்மாள் மூவரும் ஐந்தையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்க அறையில் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைப்போம். அக்காவும் ஒரு கை பிடிப்பாள். அப்புறம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அதே அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் போகும் வரை வெளியே வரக் கூடாது.

"பாக்க வர்றது உன்னை. ஒளியிறது நானும் இந்தக் கம்பியும்" என்றாள் ஒரு தடவை. நான் கோபித்துக்கொண்டேன். "ஏண்டி உனக்கு மூஞ்சி இப்படிப் போகுது? சும்மா சொன்னேன்" என்று என் கன்னத்தைத் தட்டினாள். சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று இடம் வந்து போனது. மூன்றும் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போனது. மூன்று தடவையும் அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நாங்கள் மேலே ஓடி ஐந்து கம்பிகளையும் மாட்டினோம். ஆத்தா ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே இறங்குவாள். பட்டறைக்காரரிடம் மறக்க மாட்டோம் என்று சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றத்தான் செய்தாள்.

நாலாவது இடம் கொத்தமங்கலம். நல்ல குடும்பம், ஆத்தா இரண்டு நாளாகச் சாப்பிடவே இல்லை. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மாப்பிள்ளையின் தாயார், சிற்றப்பா, கூட நாலைந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். வாசலில் காரை விட்டு இறங்கியதும் தாயார் முகப்பில் நின்று மேலே அண்ணாந்து பார்த்ததை நான் உள்ளே இருந்து கண்டேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நல்லவேளை, கம்பி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்தார்கள், பேசினார்கள், அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார்கள். வீடே தலைகீழாகப் போய்விட்டது. ஆத்தா சாமி அறைக்குள் போய் விழுந்து கும்பிட்டாள், எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பச்சி அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலைக்கார அம்மாள் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. ஆத்தா என் காதருகில், "நீ மாடிக்குப் போயி ஆச்சியைக் கூட்டிக்கிட்டுக் கம்பியை மாட்டிரு. நான் இந்த ஆளுகளை விட்டுட்டு வர முடியாது" என்றாள்.

நான் மேலே போனேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "போயிருவியாடி?" என்றாள். அப்புறம் எழுந்தோம். இரண்டு பேருமாக நாலு கம்பியை மாட்டினோம். அவளுக்குக் காலையிலிருந்தே தலைவலி, மாத்திரை போட்டிருந்தாள். நாலாவதை மாட்டியதும் முகம் வெளுத்துப்போனது. "நீ படு, நடு ஜன்னலை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் போய்ப் படுத்தாள்.

ஐந்தாவது கம்பியை நான் ஒருத்தியாகவே இழுத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கத்துச் சுவரில் சாய்த்தேன். தூக்கிப் பார்த்தேன், கொக்கி வரை வந்தது, ஆனால் ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கியது. இரண்டாம் தடவை முயன்றிருந்தால் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் தெருமுனையில் அவர்கள் கார் நிற்பதைப் பார்த்துவிட்டேன். முன்பக்க மூடியைத் திறந்து டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கீழே இறங்கிப் பக்கத்தில் நின்றிருந்தார். கீழே ஹாலில் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததில் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்து, கார் கிளம்பும் வரை அங்கேயே நின்றேன். அவர் ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

கீழே இருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சாத்தியிருக்கிறதே, காலையில் ஆத்தாவோடு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறங்கிப் போனேன். எல்லாம் மாட்டியாயிற்றா என்று ஆத்தா கண்ணாலேயே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மேலே வந்து ஆட்டிப் பார்க்காத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் விடியும்போது நான் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வேலைக்கார அம்மாளின் கத்தல் கேட்டது. ஓடினேன். முகப்புக் கல்படிக்குப் பக்கத்தில் அக்கா கிடந்தாள். உயிர் இல்லை. நான் இதற்கு மேல் அதை எழுதமாட்டேன்.

வேலைக்கார அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் பார்த்தவள். பிற்பாடு என்னிடம் மட்டும் சொன்னாள்: "வலிப்பு இல்லை தாயி. சன்னலைத் தொறந்தாக. என்னைப் பாத்துச் சிரிச்சாக. தெனமும் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுனாக."

கம்பி இல்லாத ஏழு வருஷம் அவள் பிழைத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தால் கிட்டே போகக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கம்பி வந்து, அதை நம்பப் பழகி, பழகிய பிறகு நாங்கள் அதை எடுத்துவிட்டோம். நாங்கள் என்று எழுதுகிறேன். ஐந்தாவதை எடுத்துவிட்டு மாட்டாமல் போனது நான்.

ஆத்தா செய்ததையும் சொல்ல வேண்டும். கூட்டம் சேர்வதற்குள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், அவள் மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரில் சாய்ந்திருந்த கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் தூக்கும் அந்தக் கம்பியைத் தனி ஆளாகத் தூக்கி ஒரே முயற்சியில் கொக்கியில் மாட்டினாள். ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அங்கேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வந்தவர்களிடம், மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய் மயக்கம் வந்துவிட்டது என்று சொன்னோம். ஆத்தா கண்ணை மூடும் வரை அந்த ஐந்தாவது கம்பியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். கேட்காமலே விட்டுவிட்டாள் என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

காரியம் முடிந்த மறு வாரம் அப்பச்சி பட்டறைக்காரரைக் கூட்டி வந்தார். யார் என்ன நினைப்பார்கள் என்று இந்தத் தடவை யாரும் பேசவில்லை. அவர் கல்லில் குழி வெட்டி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார், மரையாணி போட்டு முடுக்கினார். பழைய கொக்கிகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சொன்னதை அவர் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. போகும்போது அப்பச்சி கொடுத்த கூலியைத் திண்டில் வைத்துவிட்டு வாங்காமலே போய்விட்டார்.

கொத்தமங்கலத்துக்காரர்கள் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். வருஷம் திரும்பியதும் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்க மாடி ஜன்னல்களில் பெண்கள் கூட்டம் நெரிந்தது, எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மணையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலை நிமிரத் தைரியம் வரவில்லை. எல்லாரும் நான் வெட்கப்படுகிறேன் என்றார்கள்.

என் புகுந்த வீட்டு மாடியிலும் அதே மாதிரி ஜன்னல்கள்தான். ஆறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் மாடி ஹாலுக்குப் போகாமலே காலத்தை ஓட்டினேன். மாமியார் கவனித்திருப்பார், கேட்டதில்லை. எழுபதுகள் பிறந்து என் மகளும் பிறந்தாள். எட்டு மாதத்தில் தவழ்ந்தாள், பத்து மாதத்தில் தவழ்ந்தபடியே படியேற ஆரம்பித்தாள். அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் எனக்குப் போதவில்லை, மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒருநாள் மாமியார் ஒன்றும் சொல்லாமல் காரைக்குடிக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர் அதே பட்டறைக்காரர். காதில் பென்சில், தலை மட்டும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார், காட்டிக்கொள்ளவில்லை. ஆறு ஜன்னலையும் அளந்து முடித்துவிட்டு மாமியாரைப் பார்த்து, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டார்: "பிள்ளை வளர்ற வரைக்கும்தானா ஆச்சி? கழட்டுற மாதிரி வைக்கவா?"

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்கு உன்னையப் பாக்க வந்தன்னைக்கு நான் அண்ணாந்து பாத்தேன்" என்றார். "அஞ்சு சன்னலுக்கும் கொக்கி இருந்துச்சு. கம்பி இல்லை. எதுக்குக் கழட்டி வச்சிருக்காகன்னு யோசிச்சேன். உள்ள வந்து ஒக்காந்தப்புறம் புரிஞ்சுபோச்சு, எங்களுக்காகத்தான் கழட்டியிருக்கீகன்னு. உங்க ஆச்சிக்கு வலிப்புங்குறது எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஊரு முழுக்கத் தெரியும். தெரிஞ்சுதானே வந்தோம்? எங்க அயித்தை மக ஒருத்திக்கும் அந்த நோவு இருந்துச்சு. நாலு பிள்ளை பெத்து நல்லா இருந்துட்டுத்தான் போனாக."

அவர் நிறுத்தவில்லை.

"அன்னைக்கே உங்க ஆத்தா கையைப் பிடிச்சு, எங்களுக்காக எதையும் மறைக்க வேணாம், முதல்ல போயி அந்தக் கம்பியை மாட்டுங்கன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அவுக மொகம் வாடிப்போகுமேன்னு வாயை மூடிக்கிட்டு வந்தேன். கார்ல ஏறுனப்புறமும் திரும்பிப் போயிச் சொல்லுவோமான்னு நினைச்சேன். மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். மறாநாள் சேதி வந்துச்சு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் அது என் நெஞ்சுல கிடக்கு."

கார் தெருமுனையில் நின்றது நினைவுக்கு வந்தது. அதற்குள் இருந்து அவர் திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசித்த அதே நேரத்தில், மாடியில் நான் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நடு சன்னல் கம்பியை நான் மாட்டலை அயித்தை" என்றேன். யாரிடமும் சொல்லாத சொல் அது. "ஆத்தா மாட்டச் சொன்னாக. நாலை மாட்டுனோம். ஒண்ணை நான் மாட்டலை. மாட்டிட்டேன்னு தலையை ஆட்டுனேன்."

பட்டறைக்காரர் நூலைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் என் அருகில் வந்து நின்றார். உன் தப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்காரரிடம், "ஈயத்தைக் காய்ச்சி ஊத்துங்க" என்றார்.

வேலை முடிய நாலு நாள் ஆனது. ஈயம் ஆறிய பிறகு அவர் ஒவ்வொரு கம்பியிலும் தன் முழு பலத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கங்க ஆச்சி" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். ஹாலில் நானும் மாமியாரும் மட்டும் நின்றோம். ஜன்னல் ஒவ்வொன்றாக அவரே திறந்தார். கொத்தமங்கலத்தில் அந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் அந்த மாடியிலிருந்து நான் தெருவைப் பார்த்தது அன்றுதான்.

"பிள்ளையைக் கொண்டா. பிடிச்சுப் பழகட்டும்" என்றார் மாமியார்.

கீழே போய் மகளைத் தூக்கி வந்தேன். நடு ஜன்னல் முன்னால் இறக்கி விட்டேன். அவள் வெளிச்சத்தைப் பார்த்ததும் வேகமாகத் தவழ்ந்து போனாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கம்பியைப் பிடித்து, முதல் தடவையாகத் தானே எழுந்து நின்றாள். தெருவைப் பார்த்துச் சிரித்தாள். கம்பி அசையவில்லை. நான் அவள் கவுனைப் பின்னால் பிடித்திருந்த பிடியை விடவில்லை.